உள்பக்கம் விழுந்த முடிச்சுகள்

பறவைக்கு எண்ணத் தெரியாது. நாகநாதனின் வேலை முழுவதும் இந்த ஒரு விஷயத்தை நம்பித்தான் நடந்தது. பறவைக்குத் தெரியாமல் ஒளிந்திருந்து படம் எடுப்பதற்கான மறைவுக் கூண்டுக்குள் ஓர் ஆள் தனியாகப் போய் உட்கார்ந்தால், அவர் உள்ளே இருப்பது பறவைக்குத் தெரியும். எத்தனை மணி நேரமானாலும் கூட்டுப் பக்கம் வராது. ஆனால் இரண்டு பேராகப் போய், ஒருவர் உள்ளே இருந்துகொள்ள, மற்றவர் பறவையின் கண்ணெதிரே நடந்து வெளியேறிவிட்டால் போதும். ஆள் வந்தது, ஆள் போய்விட்டது என்று அது நினைத்துக்கொள்ளும். பத்து நிமிடத்தில் குஞ்சுகளுக்கு இரையோடு வந்துவிடும்.

அன்று நாற்பது நிமிடமாகியும் தேன்சிட்டு வரவில்லை.

கூட்டுக்கு மேலே முள் நிறைந்த உடைமரத்தின் உச்சிக் கிளையில், அலகில் ஒரு பச்சைப் புழுவைப் பிடித்தபடி பெண் சிட்டு உட்கார்ந்திருந்தது. புழு நெளிந்துகொண்டே இருந்தது. கூட்டுக்குள் இரண்டு குஞ்சுகளும் பசியில் கத்தின. அவன் மனைவி பூமயில் அவனைக் கூண்டில் விட்டுவிட்டுத் திரும்பிப் போனதையும், பூங்காவின் இரும்புக் கேட்டு சாத்தப்பட்டதையும் அவன் காதால் கேட்டிருந்தான். ஆனாலும் இன்னும் ஓர் ஆள் போகவில்லை என்பதுபோலச் சிட்டு காத்திருந்தது. அவனுடைய கூண்டை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதன் தலை வடமேற்கே, ஊரணிக் கரைப் பக்கமே திரும்பியிருந்தது.

நாகநாதன் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, கேமராவின் பின்புறத்து மங்கல் கண்ணாடியைப் பார்த்தான். பெட்டிக் கேமராவில் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும். லென்ஸின் வழியாக வரும் ஒளி குறுக்கே வெட்டிக்கொண்டு போவதால் மேலே உள்ளது கீழேயும் கீழே உள்ளது மேலேயும் விழும். பன்னிரண்டு வருஷப் பழக்கத்தில் அவனுக்கு அது நேராகவே தெரிய ஆரம்பித்திருந்தது. குடுவைபோல நிமிர்ந்து நின்ற கூடு. அதற்குக் கீழே ஆகாயம். கண்ணாடியின் ஓரத்தில், தரையிலிருந்து தொங்குவதுபோல, சதுரமாக, ஓலை நிறத்தில் ஒரு பொருள்.

இன்னொரு மறைவுக் கூண்டு.

அவன் துணியிலிருந்து தலையை எடுத்து, ஓலைச் சுவரின் பிளவு வழியாக நேராகப் பார்த்தான். நூறு தப்படி தூரத்தில், வற்றிய ஊரணியின் விளிம்பில் அது நின்றது. நேற்று அங்கே இல்லை.

அது ஐம்பத்தொன்பதாம் வருஷத்து வைகாசி மாதம். நாகநாதனுக்கு ராமநாதபுரம் கடைத்தெருவில் ஒரு ஸ்டுடியோ இருந்தது. கல்யாணப் படமும் பள்ளிக்கூடப் படமும் எடுத்தது போக, கடை திறப்பதற்கு முந்திய காலை நேரங்களில் ஊரணிக் கரைப் பூங்காவில் சின்ன உயிர்களைப் படம் எடுப்பான். அணில், ஓணான், அரணை, பொறிவண்டு. ஒவ்வொன்றும் எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்று பார்ப்பதில் அவனுக்கு அலுப்பே வராது. இந்தத் தேன்சிட்டின் கூட்டையே எடுத்துக்கொண்டால், சிலந்தி நூலால் காய்ந்த இலையையும் பட்டைத் துணுக்கையும் புழு எச்சத்தையும் ஒட்டி, கிளையில் குப்பை சிக்கியிருப்பதுபோலத் தொங்கவிட்டிருக்கும். அதற்குள்ளே பஞ்சு மெத்தை, வாசலுக்கு மேல் மழை படாமல் ஒரு சின்னத் தாழ்வாரம். பக்கத்தில் நடந்து போகிறவன் அதைக் குப்பை என்றே நினைப்பான்.

பூமயிலுக்கு ஏழாம் மாதம். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் இரண்டு முறை தங்காமல் போய், இது மூன்றாவது. காலையில் நடப்பது நல்லது என்று டாக்டரம்மா சொன்னதால்தான் அவளை அவன் கூட்டி வந்தான். ஆனாலும் அவள் திரும்பிப் போகும்போதெல்லாம், அந்தச் செருப்பொலி இரும்புக் கேட்டு வரை தடுக்காமல் போய்ச் சேருகிறதா என்று கூண்டுக்குள் இருந்து கேட்டுக்கொண்டே இருப்பான். கேட்டு சாத்துகிற ஒலி வந்த பிறகுதான் கேமராவைத் தொடுவான். தேன்சிட்டுப் படத்தைக் கேட்டதும் அவள்தான். ஆண் சிட்டு குஞ்சுக்கு ஊட்டுகிற படம் ஒன்று வேண்டும், தாய்வீட்டுக்குப் போகும்போது கொண்டுபோய்த் தொட்டிலுக்கு எதிரே மாட்ட வேண்டும் என்றாள். அதுவரை அவன் படம் பதித்த கண்ணாடிப் பிளேட்டுகள் எல்லாவற்றிலும் பெண் சிட்டுதான் இருந்தது. ஆண் சிட்டு கூச்சக்காரன். வந்த வேகத்தில் போய்விடும்.

கூண்டை அவனே கட்டியிருந்தான். நான்கடிச் சதுரம், நாலரையடி உயரம், சுற்றிலும் பனையோலைத் தட்டி. கச்சான் காற்று மேற்கேயிருந்து அடித்தால் பிடுங்கிக்கொண்டு போய்விடும் என்பதால், நான்கு கால்களையும் முழங்கால் ஆழத்துக்குப் புதைத்திருந்தான். முன்பக்கம், மேற்கே கூட்டையும் அதற்கு அப்பால் கேட்டையும் பார்த்தபடி, லென்ஸுக்கு ஒரு பிளவு. பின்பக்கம் வாசல் தட்டி. ஆடுகள் ஓலையைத் தின்றுவிடும். அதற்காகச் சுற்றிலும் உடைமுள்ளை வளையமாகக் குவித்து, வாசலுக்கு நேரே ஒரு முள் கொப்பை மட்டும் கவைக்கம்பால் இழுத்துத் திறந்து மூடும்படி விட்டிருந்தான். அவன் உள்ளே போனதும் பூமயில் வாசல் தட்டியைப் பனைநாரால் மூன்று இடத்தில் வெளியே முடிச்சுப் போட்டு, முள் கொப்பை இழுத்துச் சாத்திவிட்டுப் போவாள். பத்து மணிக்கு வந்து திறப்பாள். அதுவரை அவன் நினைத்தாலும் வெளியே வர முடியாது.

வெளியே வருவதற்கும் ஒரு வழிமுறை இருந்தது. மனித உருவம் கூண்டிலிருந்து முளைப்பதைப் பறவை பார்க்கக் கூடாது. எனவே கேமராவை நெஞ்சோடு அணைத்து, கறுப்புத் துணியால் தலையோடு காலாகப் போர்த்திக்கொண்டு குனிந்து வருவான். பூமயில் துணியோடு சேர்த்துக் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போவாள். கேட்டைத் தாண்டும்வரை இருவரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. இந்தச் சட்டங்களையெல்லாம் போட்டவன் நாகநாதன்.

அன்று ஒரு மணி நேரம் கழித்துச் சிட்டு கூட்டுக்கு வந்தது. பத்து மணிக்குப் பூமயில் வந்தாள். கேட்டருகே பூங்காக் காவல்காரர் கூத்தையா பீடி பற்றவைத்துக்கொண்டு நின்றார்.

"என்னண்ணே, இன்னைக்கும் வீட்டுக்காரவுக பட்டியில அடைச்சுட்டுப் போயிட்டாகளா?" என்றார். தினமும் சொல்கிற கேலிதான்.

ஊரணிக் கரையில் இருக்கிற கூண்டு யாருடையது என்று நாகநாதன் கேட்டான். கூத்தையா அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"உங்களுதுன்னுல்ல நெனச்சேன். ஒண்ணு பத்தாம ரெண்டாவது கட்டிருக்கீகன்னு இருந்துட்டேன்."

பூமயிலும் அதையே சொன்னாள். அவளும் அவன்தான் கட்டினான் என்று நினைத்திருந்தாள்.

மறுநாள் அந்தக் கூண்டு ஐம்பதடி தூரத்தில் நின்றது.

நாகநாதன் அந்தத் தூரத்தைக் கண்ணாலேயே அளந்துவிட்டான். அவனுக்கு அது மனப்பாடமான தூரம். புதிய பொருள் ஒன்றைப் பறவையின் கூட்டுக்குப் பக்கத்தில் திடீரென்று வைத்தால், அது குஞ்சுகளைக் கைவிட்டுப் போய்விடும். எனவே முதலில் தூரத்தில் வைக்க வேண்டும்; அப்புறம் ஐம்பதடி; அப்புறம் முப்பது, பதினைந்து, எட்டு. ஒவ்வோர் இடத்திலும் அதற்குப் பழகும்வரை விட்டுவிட வேண்டும். மெல்ல நெருங்கி வருகிற எதையும் உயிர்கள் ஏற்றுக்கொண்டுவிடுகின்றன. அவனுடைய கூண்டும் இப்படித்தான் மூன்று வாரத்தில் எட்டடிக்கு வந்திருந்தது.

வெளியே வந்ததும் இருவருமாக அதைப் போய்ப் பார்த்தார்கள். அதே நான்கடி. அதே நாலரையடி. சுற்றிலும் அதே உடைமுள் வளையம். ஆனால் ஓலை பின்னியிருந்த நேர்த்தி அவனால் முடியாத நேர்த்தி. ஓர் ஓலையின் ஓரம்கூட வெளியே துருத்தவில்லை. அவனுக்குப் பொறாமையாகவே இருந்தது. சுற்றி வந்தபோது பிளவைப் பார்த்தான். அது தேன்சிட்டின் கூட்டைப் பார்த்து இருக்கவில்லை. அவனுடைய கூண்டைப் பார்த்து இருந்தது.

"வாசலக் காணோமே," என்றாள் பூமயில். "உள்ள போனவுக எப்பிடிப் போனாக?"

நான்கு பக்கமும் பார்த்தார்கள். வாசல் இல்லை. ஒரு முடிச்சுகூடக் கண்ணில் படவில்லை. அவன் பிளவருகே குனிந்தான். உள்ளே இருட்டு, ஈர இறகும், முட்டை ஓட்டுக்குள் இருக்கிற வழவழப்பும் கலந்ததுபோல ஒரு வாடை. பூமயில் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி வாந்தி எடுத்தாள். அவன் உடனே அவளைத் தாங்கிப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனான்.

போகும்போது கூத்தையாவிடம் அதைப் பிடுங்கிப் போட்டுவிடும்படி சொன்னான். அவர் சாயங்காலம் ஸ்டுடியோவுக்கு வந்து, முடியவில்லை என்றார். முள்ளை விலக்கிவிட்டுக் கயிறு கட்டி இழுத்துப் பார்த்தாராம். அசையவில்லையாம்.

"ஓலை எங்கனயாச்சும் இம்புட்டுக் கனக்குமாண்ணே? உள்ள ஆள வச்சுத் தச்ச மாதிரில்ல இருக்கு." சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு, இனிமேல் அந்தப் பக்கம் போகப் போவதில்லை என்றும் சொன்னார்.

மூன்றாம் நாள் பதினைந்தடி.

கேமராவின் வலது ஓரத்திலேயே அது வந்துவிட்டது. தேன்சிட்டு அதைக் கண்டுகொள்ளவில்லை. பெண் சிட்டு நாலு நடை வந்து போயிற்று. பறவை பழகிவிட்டதைப் பார்த்த நாகநாதன், தானும் அதன்பக்கம் முன்னைப்போல அடிக்கடி திரும்பிப் பார்க்காததை உணர்ந்தான். ஒரு பிளேட்டில் வேண்டுமென்றே அதையும் சேர்த்துப் பிடித்தான்.

சாயங்காலம் இருட்டறையில் அந்தப் பிளேட்டைக் கழுவி, காகிதத்தில் அச்செடுத்துச் சிவப்பு விளக்கடியில் பார்த்தபோது, அந்தக் கூண்டின் பிளவுக்குள் வட்டமாக ஒன்று பளபளத்தது. அவனுக்கு அப்பாடா என்று இருந்தது. லென்ஸ். கீழக்கரையில் படம் எடுக்கிற சதக் கொழும்பிலிருந்து புதுக் கேமரா ஒன்று கொண்டு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தான். சதக்தான். தன் முறையைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வந்திருக்கிறார். நேரில் கேட்டிருந்தால் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டோமா என்று கோபம்கூட வந்தது. படத்தைப் பூமயிலிடம் காட்டினான். அவள் விளக்கருகே பிடித்து நெடுநேரம் பார்த்தாள்.

"இது கண்ணாடி இல்லைங்க," என்றாள். "ஈரமா இருக்கு."

லென்ஸில் வெயில் பட்டால் அப்படித்தான் தெரியும் என்று அவன் விளக்கிச் சொன்னான். வளைந்த கண்ணாடி எப்படி வானத்தையே ஒரு புள்ளியாகச் சுருக்கிக் காட்டும் என்று ஒரு பூதக்கண்ணாடியை எடுத்துக் காட்டினான். அவள் தலையை ஆட்டினாள்.

மறுநாள்தான் கடைசி நாள். அதற்கடுத்த நாள் முதுகுளத்தூரிலிருந்து அவளுடைய அய்யா வந்து அவளைப் பிரசவத்துக்குக் கூட்டிப் போகிறார். குஞ்சுகளும் பறக்கிற பருவத்துக்கு வந்துவிட்டன. போகாமல் இருந்துவிடலாமா என்று அவனே கேட்டான். இத்தனை நாள் பாடுபட்டாயிற்று, இன்னும் ஒரு நாள்தானே என்றாள் அவள்.

நான்காம் நாள் காலை ஏழு மணிக்கு அவர்கள் போனபோது, அந்தக் கூண்டு அங்கே இல்லை.

பதினைந்தடி தூரத்து மணலில் நான்கு குழிகள் மட்டும் இருந்தன. ஊரணிக் கரை வரைக்கும் பார்த்தான். எதுவும் இல்லை. அவன் நெஞ்சு லேசாயிற்று. அவளுக்குத் தெரியும்படி சிரித்தான், அவளும் சிரித்தாள். பூங்காவுக்குள் பேசக் கூடாது என்பதால் கையாலேயே பத்து மணி என்று காட்டினாள். அவன் உள்ளே போனான். வாசல் தட்டி மூடியது. பனைநார் மூன்று முறை இழுபட்டது. முள் கொப்பு உரசிக்கொண்டு வந்து அடைத்தது. செருப்பொலி தேய்ந்து தேய்ந்து போய், கேட்டு சாத்திக்கொண்டது. அவன் பிளேட்டை ஏற்றினான்.

காற்று எழுந்தது. உடைமரத்து நெற்றுகள் கலகலத்தன. ஊருக்குள் எங்கோ மாவு மில் ஓடத் தொடங்கியது. பின்னால், கொஞ்ச தூரத்தில், முள் தரையில் இழுபடுகிற சத்தம் கேட்டது. கூத்தையா ஆடு புகுந்த இடத்தை அடைக்கிறார் என்று நினைத்தான். கொஞ்சம் இழுபட்டு நிற்கும். மறுபடி கொஞ்சம் இழுபடும். எந்த அவசரமும் இல்லாத சத்தம். அவன் ஆண் சிட்டை எதிர்பார்த்துக் கண்ணாடியிலேயே கண்ணாக இருந்தான். எட்டரை மணிக்குத்தான், சிட்டுகள் இரண்டுமே வரவில்லை என்பது அவனுக்கு உறைத்தது.

பெண் சிட்டு உச்சிக் கிளையில் இருந்தது. இந்த முறை அதன் தலை இவன் பக்கம்தான். ஆனால் இவனைப் பார்க்கவில்லை. இவனுக்கு ஒரு கை தூரம் தள்ளிப் பார்த்தது.

வலது பக்கத்து ஓலை இடுக்குகளில் வந்துகொண்டிருந்த வெளிச்சம் இல்லை.

அவன் மெதுவாகத் திரும்பினான். மற்ற மூன்று சுவர்களிலும் ஊசி ஊசியாக வெயில் நுழைந்தது. வலது சுவர் மட்டும் இருண்டு கிடந்தது. காற்று அடிக்கும்போது இரண்டு ஓலைத் தட்டிகள் ஒன்றோடொன்று உரசின. ஈர இறகு வாடை வந்தது.

எட்டடிக்கு அப்புறம் அவன் நிறுத்திக்கொள்வான். இது நிறுத்திக்கொள்ளவில்லை.

சதக் என்று கூப்பிடலாமா என்று நினைத்தான். கூப்பிடவில்லை. ஏனென்றால் அவனுடைய மூளை, அந்த நேரத்திலும், பழக்கம் விடாமல் வேலை செய்துகொண்டிருந்தது. ஓலைத் தட்டியைக் காலோடு சேர்த்துக் கட்டாமல் கூண்டு நிற்காது. கட்டினால் முடிச்சு விழும். கட்டுகிறவன் எந்தப் பக்கம் நிற்கிறானோ அந்தப் பக்கம்தான் முடிச்சு விழும். இந்தக் கூண்டின் முடிச்சுகள் அத்தனையும் வெளியே, அவன் கையும் பூமயில் கையும் பட்ட இடத்தில் இருக்கின்றன. அந்தக் கூண்டில் வெளியே ஒரு முடிச்சுகூட இல்லை.

அப்படியானால் எல்லாம் உள்ளே. கட்டியது உள்ளேயிருந்து கட்டியிருக்கிறது. கடைசி முடிச்சையும் உள்ளேயிருந்தே போட்டிருக்கிறது.

போட்டபின் அது வெளியே வரவே இல்லை.

வாசல் இல்லாததற்குக் காரணம் இப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. கூத்தையாவின் கயிற்றுக்கு அது ஏன் அசையவில்லை என்பதும் புரிந்தது. அன்று பிளவருகே அவன் குனிந்தபோது, அது அவன் முகத்துக்கு எவ்வளவு கிட்டே இருந்தது என்பதும்.

பிறகு பின்பக்கம், அவனுடைய வாசலில், நார் இழுபடுகிற சத்தம் கேட்டது.

பூமயில் என்று நினைத்தான். கைக்கடிகாரத்தைப் பார்த்தான். ஒன்பது. அவள் இல்லை. நார் ஓலைக்குள் சர்ரென்று ஓடியது. நின்றது. மறுபடி ஓடியது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பிடரியில் ஏதோ காற்றுப் படுகிறதா, வேறு ஏதாவதா என்று தெரியவில்லை. அவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். நெடுநேரம் அந்தச் சத்தம் நடந்தது. சுறுசுறுப்பாக. கூடு கட்டுகிற சுறுசுறுப்பு.

நின்றது.

அவன் கையைப் பின்னால் நீட்டி வாசல் தட்டியைத் தடவினான். விளிம்பு நெடுக முடிச்சு. சின்னச் சின்னதாக, நெல் மணி அளவில், நெருக்கமாக. ஈரமாக. அவன் பக்கமாக. பூமயில் வெளியே கட்டியிருந்த நாரையும் உள்ளே இழுத்துத்தான் அவை போடப்பட்டிருந்தன.

வெளியே இருந்துகொண்டு உள்பக்கம் முடிச்சுப் போட வேண்டுமானால், ஓலை இடுக்கில் விரல் நுழைய வேண்டும். எந்த இடுக்கிலும் ஒரு தீக்குச்சிக்கு மேல் நுழையாது.

அவன் நகத்தால் அவிழ்க்கத் தொடங்கினான். ஒன்று. நகம் பிய்ந்தது. இரண்டு. தட்டியைத் தோளால் இடித்தான். கால்கள் முழங்கால் ஆழத்தில் இருந்தன. அவற்றைப் புதைத்தவன் அவன்தான். மூன்று. எண்ணிப் பார்த்தான்: அறுபதுக்கு மேல் இருந்தன. நான்கு.

பக்கத்துக் கூண்டின் பின்புறத்தில் இன்னொரு முறை நார் ஓடியது. ஒரு முறை. இரண்டு முறை. மூன்று முறை. அதோடு நின்றது. மூன்று இடத்தில். வெளியே. பூமயில் கட்டுவதுபோலவே.

கேட்டு திறக்கும் ஒலி கேட்டது.

பிளவு வழியாக அவளைப் பார்த்தான். ஒரு கையால் இடுப்பைத் தாங்கிக்கொண்டு, தரையைப் பார்த்துப் பார்த்து நடந்து வந்தாள். கத்தினால் என்ன ஆகும் என்று யோசித்தான். அவனுக்கு ஏதோ ஆகிவிட்டதென்று ஓடி வருவாள். முள்ளில் விழுவாள். இதன் அருகே விழுவாள். கத்தாவிட்டால் நடந்து வருவாள். எப்படியும் வருவாள். அவன் அவிழ்த்தான். எட்டு. ஒன்பது.

அவள் நின்றாள். அவளுக்கு இப்போது இரண்டு கூண்டுகளும் தெரிகின்றன. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பிளவின் பார்வைக்கு வெளியே, பின்பக்கமாகச் சுற்றி வந்தாள். அவள் மூச்சு வாங்குவது கேட்டது. அவள் என்ன நினைக்கிறாள் என்பது அவனுக்கு நன்றாகத் தெரிந்தது. முந்தாநாள் இருவருமாகப் பார்த்ததுதான். வாசல் இல்லாதது அந்நியருடைய கூண்டு. மூன்று முடிச்சு உள்ளது நம்முடைய கூண்டு.

"பூமயிலு," என்றான். குரல் காற்றாகத்தான் வந்தது.

"ச்சூ," என்றாள் அவள், மிக அருகில், ஆனால் அவனைப் பார்த்து இல்லை. "கேட்டு வரைக்கும் பேசக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீக."

அவன் மறுபடி வாயைத் திறந்தான். வலது சுவரின் இடுக்கிலிருந்து ஏதோ ஒன்று வந்து அவன் உதட்டின்மேல் படிந்தது. அழுத்தவில்லை. குழந்தையைப் பேசாமல் இருக்கச் சொல்கிறவர்கள் விரலை வைப்பதுபோல, மெத்தென்று, நெடுக்காக. தீக்குச்சியைவிட மெலிது. ஈரம். அதில் எலும்பு இல்லை.

அவனால் மூச்சுவிட முடியவில்லை.

பக்கத்தில் கவைக்கம்பு முள்ளை இழுத்தது. அவன் வாசல் முள் அசையவில்லை. ஒரு முடிச்சு அவிழ்ந்தது. இரண்டு. மூன்று. உதட்டின்மேல் இருந்தது விலகி, இடுக்குக்குள் சுருண்டு போயிற்று. ஒரு துணி காற்றில் படபடத்தது. அவனுடைய கறுப்புத் துணி அவன் கேமராமேலேயே கிடந்தது.

பிளவில் அவர்கள் தெரிந்தார்கள். பூமயில் முன்னால். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, தலையோடு காலாகக் கறுப்பாகப் போர்த்திய ஒன்று பின்னால். அவனைப்போலவே நடந்தது. இடது தோள் கொஞ்சம் தாழ்ந்து, அவனைப்போலவே. பத்துத் தப்படி. இருபது. அவன் கத்தினான். நுரையீரல் கிழியக் கத்தினான். கச்சான் காற்று கேட்டுப் பக்கமிருந்து அவன் முகத்தில் அடித்தது; எதிர்க்காற்றில் குரல் மேலே வளைந்து போய்விடும், தரையில் நடக்கிறவர் காதுக்கு எட்டாது. அவன் கையை ஓலைக்குள் குத்தி நுழைத்தான். உடைமுள் உள்ளங்கையில் ஏறி மறுபுறம் வந்தது. இன்னொரு கை. முள். அவர்கள் சின்னதாகிக்கொண்டே போனார்கள்.

கூட்டில் சலசலப்பு. ஆண் சிட்டு வந்திருந்தது. மயில் கழுத்து நிறத்தில் மின்னியபடி, அவன் முகத்துக்கு எட்டடி எதிரே, அவசரமே இல்லாமல், ஒரு குஞ்சுக்கு ஊட்டியது. அப்புறம் அடுத்த குஞ்சுக்கு. அவன் கத்திக்கொண்டே இருந்தான். அது திரும்பிப் பார்க்கவில்லை.

கேட்டருகே பூமயில் நின்றாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் குரலை மட்டும் காற்று பத்திரமாக அவனிடம் கொண்டு வந்து சேர்த்தது.

"இந்தாருங்க, உதைக்கிறான். தொட்டுப் பாருங்க."

அவள் துணிக்குள் கையை விட்டு, உள்ளே இருந்த கையை வெளியே எடுத்து, தன் வயிற்றின்மேல் வைத்தாள். முகத்தை வானத்துக்குத் தூக்கிக் கண்ணை மூடிக்கொண்டாள். கறுப்புத் துணிக்குள்ளிருந்து விரல்கள் ஒவ்வொன்றாக வந்து அந்தப் புடவையின்மேல் படிந்தன. ஐந்து. ஏழு. ஒன்பது. மெல்ல, நார்போல நீண்டு, அவள் இடுப்பைச் சுற்றி முதுகுப் பக்கம் போய், ஒன்றோடொன்று கோத்துக்கொண்டன. விரல்கள் இன்னும் வந்துகொண்டிருந்தன.